வெளிறிய முத்திரை

அத்தியாயம் 6

மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் அலுவலகத்துப் படியேறி வந்தவர், உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரவில்லை. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

“ஒரு கால் ஆடுது,” என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்து, மடித்து, அந்தக் காலுக்கடியில் சொருகி, கையால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. அதன் பிறகும் உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே சொன்னார். “என் தம்பி ஓடிட்டாம்மா.”

மூன்று மாதமாக நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் தலைசுற்றல் என்று நினைத்து மாத்திரைகூடச் சாப்பிட்டேன்.

அவர் ‘அம்மா’ என்று அழைத்தது என் அண்ணியை. அண்ணன் சரக்குக் கப்பலில் என்ஜின் பார்க்கிறவர். வருடத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். அண்ணி இருபது வருடம் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தினவர். தொலைந்துபோன கடிதங்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, கடைசியில் தொலைந்துபோன மனிதர்களையும் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். நான் உதவியாளன் என்று விசிட்டிங் கார்டில் இருக்கிறது. வீட்டில் எனக்கு வேறு பெயர்: வாயாடி.

அலுவலகம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது ஒரு விடுதியின் மாடியில் இரண்டு அறை. கீழே அந்த விடுதியில்தான் சர்வதேசக் கண்காட்சிக்கு வந்த ஒரு நாட்டின் வேலையாட்கள் ஆறு மாதமாகத் தங்கியிருக்கிறார்கள். வந்தவர் அவர்களில் ஒருவர், தச்சர். அவர்களுடைய பண்பாட்டு அரங்கத்தில் இருக்கிற மேடை, பெட்டி, படிக்கட்டு எல்லாம் அவர் கைவேலை. அங்கே எரிகிற விளக்கெல்லாம் அவர் தம்பியின் வேலை.

“கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு ஜாமீன் கையெழுத்து வாங்கினாங்கம்மா,” என்றார் தச்சர். “போன இடத்துல எவனாவது ஓடிட்டா, கையெழுத்துப் போட்டவன் உள்ள போகணும். தம்பிக்கு நான்தான் போட்டேன்.”

“உள்ளன்னா?”

“ஜெயில். மூணு வருஷம். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத் தலை எண்ணுவாங்க. அதுக்குள்ள அவன் வந்து நிக்கலைன்னா எங்க அரங்கத்து டைரக்டர் ஊருக்குக் கடிதம் அனுப்பிடுவார். டைப் அடிச்சு வெச்சாச்சு. நானே பார்த்தேன்.”

“கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“நேத்து ஏழு மணிக்கு. அரங்கத்தை மூடிட்டு எல்லாரும் பஸ்ஸுக்கு நடந்தோம். அவன் மட்டும் பின்தங்கினான். ‘நீ போண்ணா, நான் அடுத்த பஸ்ஸுல வர்றேன்’னான். எதுக்குடான்னு நான் கேக்கல. எனக்குப் பசி.” தச்சர் கையை விரித்தார். “அடுத்த பஸ்ஸும் வந்துச்சு. அதுக்கடுத்த பஸ்ஸும் வந்துச்சு. போன் அடிச்சா அணைஞ்சு கிடக்கு.”

“வரலைன்னா வரல. ஓடிட்டார்னு எப்படிச் சொல்றீங்க?”

தச்சர் நாற்காலி முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

“போன வாரம் படுத்துக்கிட்டே கேட்டான், ‘அண்ணா, இங்கயே இருந்துட்டா என்ன?’ன்னு. நான் தூங்குற மாதிரி இருந்துட்டேன். இன்னிக்குக் காலையில வந்திருக்கான்மா. டைரக்டரே கண்ணால பார்த்திருக்கார். வந்து, அந்தப் பொம்மைப் பாஸ்போர்ட்டுல முத்திரை குத்திட்டுப் போயிருக்கான். நான் இருபதடி தள்ளி நின்னுட்டிருந்தேன். முத்திரைக்கு வரத் தெரிஞ்சவனுக்கு என்கிட்ட வரத் தெரியல.”

இடுப்புப் பையிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டார். கண்காட்சிக்குப் போன எல்லாருக்கும் தெரியும் அது. வாசலிலேயே விற்கிறார்கள். பார்க்க நிஜப் பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும். நாட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு அரங்கத்திலும் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து உலகம் சுற்ற முடியாத என்னைப்போன்ற ஆட்களுக்கு அதில் ஒரு அல்ப திருப்தி.

“அவன் பொண்ணுக்கு ஒன்பது வயசு,” என்றார் தச்சர். “நாற்பத்தெட்டு நாட்டு முத்திரையும் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தான். மத்தியானம் சாப்பிடாமகூடப் போய் வரிசையில நிப்பான்.”

நான் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழு பக்கமும் என்றைக்கோ நிரம்பியிருந்தன. கடைசிப் பக்கம், அவர் வேலை பார்க்கிற அவருடைய சொந்த நாட்டு அரங்கம். அதில் மட்டும் இன்றைய தேதி.

“வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கார். சொந்த வீட்டு முத்திரையைக் கடைசியா வாங்கியிருக்கார் பாருங்க அண்ணி. ஆளு பறந்துட்டார். சந்தேகமே இல்ல.”

தச்சர் முகம் சுருங்கியது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் என் நாக்கு தானாக உள்ளே போயிற்று.

“இது எங்க கிடைச்சுது?”

“முத்திரை மேசைக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சாம். மேசையில உக்கார்ற அம்மா பதினோரு மணிக்கு எடுத்துக் குடுத்தாங்க.”

“பொண்ணுக்காக ஆறு மாசம் சேர்த்ததை, முடிஞ்ச அன்னிக்கே ஏன் விட்டுட்டுப் போனார்?” என்றார் அண்ணி. கேள்வி எங்கள் இருவருக்கும் இல்லை போலிருந்தது. புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கடைசி முத்திரையை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். தபால்காரர்களுக்கு இது ஒரு வியாதி.

“கிளம்புங்க,” என்றார்.

தச்சர் எழுந்தார். எழுந்தார் என்ன, உட்காரவே இல்லையே. “கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா. முதல்ல ஓங்கி ஒரு அறை விடணும். மத்ததெல்லாம் அப்புறம்.”

*

வேலையாட்கள் வழியில் நுழையக் கழுத்தில் அட்டை வேண்டும். எங்களிடம் இருந்தது டிக்கெட். ஆகவே வரிசையில் நின்றோம். ஐம்பது நிமிடம். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் ஐந்து முத்திரைப் புத்தகத்தோடு நின்றது. எனக்குப் பின்னால் ஒரு மனிதர், எந்த அரங்கத்தில் கூட்டம் குறைவு என்று போனில் யாரிடமோ இரைந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தச்சர் நிமிடத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்க்கும்போதெல்லாம் நானும் பார்த்தேன். பார்த்தால் மட்டும் மணி நின்றுவிடுமா என்ன. நாங்கள் உள்ளே நுழையும்போது மூன்றே கால்.

முதலில் ஒரு இருட்டு நடைபாதை. தண்ணீர் ஓடும் சத்தம் எங்கிருந்தோ வந்தது. சுவர் முழுக்க ஒரு படம் ஓடியது: மலை, ஆறு, வயல், ஓடிவந்து சிரிக்கும் ஒரு பெண். அவள் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதே சிரிப்பைச் சிரித்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. கல்யாண உடை போட்ட பொம்மைகள், மீன்வலை, மண்பாண்டம் எல்லாவற்றையும் தாண்டி, அத்தனை பேரும் கையில் புத்தகத்தைப் பிடித்தபடி ஒரே திசையில் நடந்தார்கள். ஒரு நாட்டின் ஆயிரம் வருடத்தை நாலு நிமிடத்தில் கடந்து முத்திரை மேசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நடுக்கூடத்தில் ஒரு பெரிய முரசு. ஆள் உயரம் இருக்கும். தாழ்வான மரமேடைமேல் நின்றது. நாளைக்கு அந்த நாட்டின் தினமாம். மந்திரி வந்து இதை அடித்துத்தான் விழாவைத் தொடங்குவாராம். பலகையில் எழுதியிருந்தது.

“பாருங்க அண்ணி,” என்றேன். மேலே ஆறு விளக்கு வரிசையாக எரிந்தன. ஆறும் சேர்ந்து, முரசுக்கு நாலடி தள்ளியிருந்த வெறுந்தரைமேல் அருமையாக வெளிச்சம் போட்டன. முரசு அரையிருட்டில் நின்றது. “முரசுக்கு இருட்டு, தரைக்கு வெளிச்சம். இதுதான் புதுக் கலையாம். நமக்கெல்லாம் புரியாது.”

அண்ணி சிரிக்கவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நடந்தார். தச்சர் எதையுமே பார்க்கவில்லை. வெட்கப்பட்ட மனிதர் மாதிரி தலைகுனிந்தே வந்தார்.

டைரக்டர் எங்களை எதிர்கொண்டார். சுருக்கமில்லாத கோட்டு, நரைத்த மீசை, நல்ல வார்த்தை. தூங்காத கண்.

“வாங்க மேடம். இவர் படுற பாடு எனக்குப் புரியுது. ஆனா நான் என்ன செய்ய? சட்டம்னு ஒண்ணு இருக்கே.”

“காலையில நீங்களே அவரைப் பார்த்தீங்களாமே?”

“பார்த்தேன். பத்து, பத்தேகால் இருக்கும். கூட்டத்தோட கூட்டமா வரிசையில நின்னான். முத்திரை குத்திக்கிட்டான். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்காமப் போயிட்டான்.” தச்சர் தோளில் கை வைத்தார். “மனசைத் தேத்திக்குங்க. கூடப் பிறந்தவன்னாலும் அவனவன் புத்தி அவனவனுக்கு.”

தச்சர் அந்தக் கைக்குக் கீழே இன்னும் குனிந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போன அந்தத் தம்பி அந்த நிமிடம் என் கையில் கிடைத்திருந்தால் அந்த அறையை நானே விட்டிருப்பேன்.

“நான் கொஞ்சம் சுத்திப் பார்க்கிறேன்,” என்றார் அண்ணி. “ஆறு மணிக்கு முன்னாடி அந்தக் கடிதத்தை அனுப்பிடாதீங்க.”

“ஆறு மணி வரைக்கும் காத்திருப்பேன் மேடம். அது என் கடமை.”

*

முத்திரை மேசையில் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டில் பட்டி சுற்றியிருந்தார். ஒரு நாளைக்கு நாலாயிரம் முத்திரை என்றால் சும்மாவா. அண்ணி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் டிக்கெட்டின் பின்பக்கத்தை நீட்டினார்.

“இதுல ஒண்ணு குத்துங்க.”

டப். கருநீலத்தில், முரசின் படமும் சுற்றி எழுத்தும் நடுவில் தேதியும் பளிச்சென்று விழுந்தன.

அண்ணி பையிலிருந்து தம்பிக்காரரின் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை அதன் பக்கத்தில் வைத்தார். அதே முரசு, அதே தேதி. ஆனால் வெளிறிப்போய், பாதி எழுத்து பிடிக்காமல், துவைத்த துணியில் இருக்கிற கறை மாதிரி இருந்தது.

“இதை நீங்க குத்தினதா?”

“ஐயோ, இல்லம்மா. நான் குத்தினா இவ்வளவு மோசமாவா இருக்கும்? இது பழைய மைப் பேடுல குத்தினது.” அந்த அம்மாவுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். அடுத்தவர் புத்தகத்தை வாங்கிக் குத்திக்கொண்டே சொன்னார். “நேத்து சாயங்காலம் ஒரே ரகளை. பேடு காஞ்சுபோய், எத்தனை தடவை அழுத்தினாலும் இப்படித்தான் விழுந்துச்சு. இன்னிக்குக் கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே புதுசு மாத்திட்டேன்.”

“பழசு?”

“குப்பையில போட்டாச்சு. அதையெல்லாம் வெச்சு என்ன செய்ய?”

“இன்னிக்குக் காலையில வரிசையில இந்தப் புத்தகத்தோட யாராவது வந்தாங்களா?”

“நான் முகத்தை எங்க பார்க்கிறேன், கையைத்தான் பார்க்கிறேன். ஆனா வந்திருந்தா என் கையாலதான் குத்தியிருப்பேன். யாரையும் சொந்தமாக் குத்த விடமாட்டேன்.”

“சரி. தேதியை எப்போ மாத்துவீங்க? காலையிலயா?”

நான் அண்ணியைப் பார்த்தேன். தபால் அலுவலகத்தில் காலையில் வந்ததும் முதல் வேலை தேதி மாற்றுவதுதான். அதை ஒரு நோட்டில் குத்திக் காட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அண்ணி கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு நாட்காட்டியைக்கூட அப்படித்தான் கிழிப்பார்.

“காலையில எங்கம்மா நேரம்?” என்றார் அந்த அம்மா. “கதவு திறந்ததும் முட்டிக்கிட்டு வருவாங்க. முதல் வாரத்துல ஒரு நாள் மறந்துட்டேன், நூறு பேருக்கு முந்தின நாள் தேதி விழுந்துடுச்சு. என்னை அடிக்காத குறை. அதுலேர்ந்து சாயங்காலமே மாத்திடுறது. மூடினதும் சக்கரத்தை ஒரு பல் தள்ளி வெச்சுட்டுத்தான் பையை எடுப்பேன்.”

“இது டைரக்டருக்குத் தெரியுமா?”

அந்த அம்மா சிரித்தார். “அவருக்கு இந்த மேசை இருக்கிறதே தெரியாது.”

அண்ணி இரண்டு முத்திரையையும் தச்சர் முன்னால் நீட்டினார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

“பாருங்க. தேதி இன்னிக்கு. பேடு நேத்தையது. நேத்து மூடின பிறகு தேதி மாறியாச்சு. இன்னிக்குத் திறக்கிறதுக்கு முன்னாடி பேடு மாறியாச்சு. புதுத் தேதியும் பழைய பேடும் ஒண்ணா இருந்தது நடுவுல மட்டும்தான், கதவு பூட்டியிருந்த நேரத்துல. உங்க தம்பி காலையில வரல. நேத்து எல்லாரும் போனப்புறம் இங்கயேதான் இருந்திருக்கார். ஆளில்லாத நேரமாப் பார்த்து, தன் கையாலயே குத்தி, காயட்டும்னு மேசைமேல வெச்சிருக்கார்.”

தச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அப்ப காலையில டைரக்டர் பார்த்தது?”

“பார்க்கல. இந்தப் புத்தகம் கிடைச்சப்புறம், தேதியைப் பார்த்துட்டு, அதுக்கேத்த மாதிரி ஒரு கதை கட்டியிருக்கார். கதவுச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

“அவர் ஒருத்தர்கிட்டதான்.”

முதல்முறையாக நான் பகடி பேசாமல் சொன்னேன். “அண்ணி, அந்த விளக்கு. லைட் போடுறவர் ஏன் வெறுந்தரைக்கு வெளிச்சம் போடுவார்?”

மூவரும் திரும்பினோம். தச்சர் அப்போதுதான் அந்த முரசு மேடையை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே மண்டியிட்டார்.

“இதை நான் இப்படி வைக்கல,” என்றார். “கீழ சக்கரம் இருக்கும்மா. சக்கரத்தைப் பூட்டுற கட்டை சுவர்ப்பக்கம் இருக்கணும். ஜனங்க கால் பட்டா திறந்துக்கும்னு நான் எப்பவும் சுவரைப் பார்த்துதான் வைப்பேன். இது கூட்டத்தைப் பார்த்து இருக்கு. யாரோ தெரியாதவன் தள்ளியிருக்கான்.”

கட்டையைக் காலால் தட்டினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். நானும் பிடித்தேன். மேடை நாலடி நகர்ந்து, விளக்கு வெளிச்சத்துக்குள் போய் நின்றது. முரசு தகதகவென்று ஜொலித்தது. சுற்றியிருந்த கூட்டம் ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துப் போனைத் தூக்கியது. “இது அடுத்தது எத்தனை மணிக்கு?” என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

மேடை மூடியிருந்த இடத்தில் தரைப்பலகை ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதில் கருத்துக் காய்ந்த ஒரு கறை. யாரோ துடைத்திருக்கிறார்கள், முழுதும் போகவில்லை. ஓரத்தில் கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்டர் கிடந்தது, சிவப்பு டேப் சுற்றிய கைப்பிடியோடு.

தச்சர் அதைத் தொடவில்லை. “இந்த டேப்பு நான் சுத்தினது,” என்றார்.

*

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த டைரக்டர், தள்ளியிருந்த மேடையைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். கத்தவும் முடியாது, கத்தாமல் இருக்கவும் முடியாது.

“அலுவலக அறைக்குப் போயிடலாமா?” என்றார் அண்ணி. “இல்ல, இங்கயே பேசலாமா? போன் எல்லாம் ரெடியா இருக்கு.”

அறைக்குள் போனோம். சின்ன அறை. மேசைமேல் அந்தக் கடிதம், கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு. முத்திரை மேசை அம்மா, யாரும் சொல்லாமலே, வரிசையை அப்படியே விட்டுவிட்டு வந்து வாசலை அடைத்து நின்றார்.

அண்ணி இரண்டு முத்திரைகளையும் மேசையில் வைத்து, இரண்டே வரியில் சொல்லி முடித்தார். “இப்ப ஒரே கேள்விதான். உயிரோட இருக்காரா?”

டைரக்டர் உட்கார்ந்தார். நல்ல வார்த்தை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

“நான் அவனை ஒண்ணும் பண்ணல. நாளைக்கு மந்திரி போட்டோவுக்கு வெளிச்சம் பத்தாதுன்னு இன்னொரு லைட் போடச் சொன்னேன். மூடினப்புறம் ஏணி ஏறணும்னா கண்காட்சிக்காரங்ககிட்ட அனுமதி வாங்கணும். கேட்டா ரெண்டு நாள் ஆகும். பத்து நிமிஷ வேலைதானே, யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். ஏணி சறுக்கிடுச்சு.”

“அப்புறம்?”

“அவன்கிட்ட பேச்சு மூச்சே இல்ல. தெரிஞ்சா அரங்கத்தையே மூடிடுவாங்க. ஆறு மாசம் உழைச்சது, நாளைக்கு விழா… முரசு கொண்டுவந்த தள்ளுவண்டியில வெச்சு, மேல துணி போட்டு வெளிவாசல் வரைக்கும் கொண்டு போனேன். பெஞ்சுல படுக்க வெச்சேன். ஆம்புலன்ஸுக்கு நானேதான் போன் பண்ணினேன். வண்டி வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் எதிர்ப்பக்கம் நின்னு பார்த்தேன், சத்தியமா.”

“யார்னு சொன்னீங்களா?”

டைரக்டர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு அணைந்த போன், கழுத்தில் மாட்டுகிற அட்டை ஒன்று. புகைப்படத்தில் தச்சர் ஜாடையில் ஒரு இளைய முகம் சிரித்தது.

“விழா முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்…”

“முடிஞ்சதும் சொல்ற ஆளுக்கு இந்தக் கடிதம் எதுக்குய்யா?” என்று நான் கத்திவிட்டேன். “இவரு மூணு வருஷம் உள்ள இருந்திருப்பாரே! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைப் பார்த்திருக்கேன், முழு மனுஷனைத் துணியில மறைக்கிறவனை இப்பத்தான் பார்க்கிறேன்!”

தச்சர் அவரை அடிப்பார் என்று நினைத்தேன். கை ஓங்கவும் செய்தது. ஓங்கிய கையை அவரே மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, “எந்த ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்டார்.

டைரக்டருக்கு அதுகூடத் தெரியவில்லை.

அண்ணி அந்தக் கடிதத்தை எடுத்துத் திருப்பிப் போட்டு, பேனாவை அதன்மேல் வைத்தார். “பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டுக் கண்காட்சிப் பாதுகாப்பு ஆபீசுக்கு நீங்களே போன் பண்ணுங்க.” பிறகு முத்திரை மேசை அம்மாவைப் பார்த்தார். “இவர் எழுதி முடிக்கிற வரைக்கும் இருப்பீங்களா?”

“விடியிற வரைக்கும்கூட இருப்பேன்,” என்றார் அந்த அம்மா. “நேத்து அந்தத் தம்பி எனக்கு நாற்காலி நகர்த்திக் குடுத்தான்.”

*

இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். மூன்றாவதில், நேற்று இரவு எட்டரைக்குக் கண்காட்சி வாசலிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். பெயர் இல்லை, ஆள் இல்லை. அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. போனை நான் வைப்பதற்குள் தச்சர் வாசலைத் தாண்டியிருந்தார்.

டாக்ஸியில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். “காலையிலேர்ந்து அவனைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமா? நன்றிகெட்ட நாயின்னு சொன்னேன். பொண்ணை நினைச்சுப் பார்த்தியாடான்னு கேட்டேன். ஊருக்குப் போன் போட்டு அவன் பொண்டாட்டிகிட்டயே சொல்லிட்டேன், உன் புருஷன் ஓடிட்டான்னு.” அண்ணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் டிரைவரை வேகமாகப் போகச் சொல்லி நச்சரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மத்தியானம் ‘ஆளு பறந்துட்டார்’ என்று சொன்னவன் நான்தானே.

மூன்றாம் மாடி. கட்டிலின் தலைமாட்டு அட்டையில் பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். தலையில் கட்டு, இடுப்புக்குக் கீழே அசையாமல் இருக்கப் பட்டை, மூக்கில் குழாய். அதே முகம்தான். அட்டையில் சிரித்த முகம்.

டாக்டரம்மா எங்களை ஓரமாக அழைத்துப் போனார். “தலையில பட்டது பரவாயில்ல. இடுப்பும் முதுகெலும்பும்தான். நடப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது. விழுந்தவரைத் தூக்கி வண்டியில போட்டு உருட்டியிருக்காங்க. அசைக்காம அங்கேயே விட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது.” எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “மத்தியானத்துலேர்ந்து ரெண்டு தடவை கண் முழிச்சார். ‘அண்ணன்’, ‘அண்ணன்’னார். எந்த அண்ணன்னு நாங்க யாரைக் கேக்கிறது?” என்றார்.

தச்சர் கட்டிலருகே போனார். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. அறையவேண்டும் என்று சொன்ன கையைத் தம்பியின் கைமேல் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தார். அண்ணி அந்த முத்திரைப் புத்தகத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடிக்க ஐந்து நிமிடம். அங்கே தலை எண்ணிக்கொண்டிருப்பார்கள், அல்லது எண்ணமாட்டார்கள். யாருக்கு வேண்டும்.

தம்பி கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார். விளக்கு எரிகிறதா என்று பார்த்திருப்பார். பிறகு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். உதடு காய்ந்திருந்தது. வார்த்தை வர நேரமாயிற்று.

“அண்ணா… பஸ்ஸு போயிடுச்சா?”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நான், தச்சரைப் பார்த்தேன்.

“போகலடா,” என்றார் தச்சர். “நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். நீ மெதுவா வா.”